பையன் சப்போர்ட்டில் இருக்கிறான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பையனுக்கு என்ன வேலை என்று பெண் வீட்டார் போனில் கேட்டபோது, "சப்போர்ட்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாயாம். கம்பெனி பெயரையாவது சேர்த்திருக்கலாம். நேற்று வந்தார்கள். உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா, "யாரோட சப்போர்ட்ல இருக்கார்?" என்றார். உன் அக்காள் பூரித்துப்போய், "எங்க சப்போர்ட்லதான்! பெத்தவங்களை விட்டா வேற யாரு?" என்றாள். அந்த அம்மாள் வாய்வரை கொண்டுபோன காபியைக் கீழே வைத்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து, "அது வேலையோட பேருங்க. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா போன் பண்ணுவாங்க, பையன் வழி சொல்லுவான்" என்று விளக்கினேன். பெண்ணின் அப்பா கட்டட ஒப்பந்தக்காரர். மோட்டுவளையைப் பார்த்தபடி, "எங்க தொழில்லயும் சப்போர்ட் உண்டு சார். தளம் போடறப்ப அடியில நிறுத்துவோம். கான்கிரீட் இறுகினதும் முதல்ல உருவிப் போடறது அதைத்தான்" என்றார். பதற்றத்தில் நான், "இது நிரந்தர சப்போர்ட் சார்" என்று உளறினேன். "நிரந்தரமா முட்டுக் குடுத்தாத்தான் நிக்கும்னா, அந்தக் கட்டடத்தை நம்பி எப்படி சார் பொண்ணு குடுக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகப் போய்விட்டார்கள். பையனுக்கோ இந்தப் பெண்ணை ரொம்பவும் பிடித்துவிட்டது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து யாரும் சொல்லாமலே முடிவெட்டிக்கொள்கிறான். நீயே நேரில் போய், வேலை கெட்டியானது, யாரும் உருவ முடியாது என்று அடித்துச் சொல்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உனக்கும் உண்டு, காரியம் முடிந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பையன் வந்தான். "இனிமே சப்போர்ட்னு சொல்லாதீங்கப்பா. அதுலேர்ந்து எடுத்துட்டாங்க, இப்ப பெஞ்ச்ல இருக்கேன்" என்கிறான். அடுத்த வேலை கொடுக்கும்வரை சும்மா உட்காரவைப்பதற்கு அதுதான் பெயராம். அதற்குள் உன் அக்காள் பெண் வீட்டுக்குப் போன் போட்டு, பையனைப் பெஞ்ச்சுக்கு உயர்த்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். "பெஞ்ச்சா! ஜட்ஜுங்க உக்கார்ற இடமாச்சே! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சம்மதித்துவிட்டாராம் ஒப்பந்தக்காரர். நீ போக வேண்டாம். பையன் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டான்; என்னால்தான் உட்கார முடியவில்லை.