நூற்று நாற்பத்தொரு மணியும் ஓர் இடுப்பெலும்பும்

பிஷ்கெக், மார்ச் 9

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அண்ணன் ஜூமாபெக் அவர்களுக்கு,

தம்பி மெலிஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ராகியாவும் உங்கள் மகள் அரூகேயும் சுகம். அங்கே அண்ணியும் நாற்பத்தாறு யாக் மாடுகளும் சாம்பல் குதிரையும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன கோடையில் கணவாய் ஏறும்போது பூட்ஸுக்குள் கல் புகுந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னீர்களே, அந்தக் கால் இப்போது தேவலையா?

உங்கள் கடிதத்தை நாரின் டாக்ஸிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "நூரூஸ் பண்டிகைக்குள்ள அவளோட ஆராய்ச்சித் திட்டத்துல கையெழுத்து விழலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன், ஊர்ப் பள்ளிக்கூடத்துல உயிரியல் டீச்சர் வேலை காலியா இருக்கு" என்று நீங்கள் எழுதியதை ராகியாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எழுதினது நீங்கள், முறைத்தது என்னை. "அப்படி என்னதான் பண்றா, மூணு வரியில எழுது" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா அண்ணா இது? சரி, எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். யாக் மாட்டின் ரத்தத்தில் காற்றைப் பிடித்து வைக்கிற ஒரு புரதம் இருக்கிறது. அது மணி கோத்த இழை மாதிரி. ஓர் இழையில் நூற்று நாற்பத்தொரு மணி. மணிகள் ஒழுங்காக இருந்தால் இழை தானாகச் சுருண்டு காற்றைப் பிடிக்கும். நம் அரூகே அதில் ஒரே ஒரு மணியை எடுத்துவிட்டு வேறொரு மணியைக் கோக்கிறாள். அதற்குப் பிறழ்வு என்று பெயர். எல்லாம் கணினிக்குள்தான், எந்த மாட்டையும் யாரும் தொடவில்லை, பயப்படாதீர்கள். கோத்ததைக் கணினிக்குள்ளேயே தண்ணீரில் முக்கி, அசையவிட்டு, பிடி இறுகுகிறதா தளர்கிறதா என்று பார்க்கிறாள்.

"எவ்வளவு நேரம் அசையும்?" என்று கேட்டேன். "ஒரு நொடியை ஒரு கோடியாப் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு, சித்தப்பா. அதுக்கே நம்ம கம்ப்யூட்டருக்கு ஒம்பது நாள் ஆகும்" என்றாள். அடக் கடவுளே! கண் இமைக்கக்கூடப் போதாத நேரத்துக்கு ஒன்பது நாளா! நான் ஒன்பதாவது மாடி லிஃப்டை இரண்டு நாளில் சரிசெய்ததற்கே குடியிருப்போர் கூட்டத்தில் என்ன பேச்சுப் பேசினார்கள் தெரியுமா!

பல்கலைக்கழகத்துப் பெரிய கணினியைத் தொட வேண்டுமானால் திட்டத்தில் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அதனால் என் சமையலறை மேஜையிலேயே ஒரு ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் காலை கெட்டிலுக்கு இடமில்லை என்று நான் அந்தப் பிளக்கை உருவிவிட்டேன். சத்தம் நின்றதும்தான் உறைத்தது. ஆறு நாள் உழைப்பு, போச்சு! அரூகே வந்ததும் பாவிப்பயல் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பரவால்ல சித்தப்பா, என்னிக்காவது உருவுவீங்கன்னு தெரியும். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் தானா சேமிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள். என் புத்தி எப்போது கோணும் என்பதைக்கூடத் திட்டத்தில் சேர்த்திருக்கிறாள் அண்ணா! எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது.

ஆனால் துறைத் தலைவர் ஷர்ஷெனோவ் இருக்கிறாரே, எழுபத்திரண்டு வயது, அவர் திட்டத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். "மாட்டைப் பத்தித் தெரியணும்னா மாட்டைப் போய்ப் பாரு. கம்ப்யூட்டர்ல என்ன புல்லா மொளைக்குது?" என்றாராம். அப்போதுதான் அவரை விருந்துக்கு அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "கையெழுத்துக்காகக் கறி போடறதா? அசிங்கம், சித்தப்பா" என்று அரூகே குதித்தாள். "பெரிய மனுஷனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறி போடாம அனுப்பினாத்தாண்டி அசிங்கம்" என்று அடக்கிவிட்டு ஒரு கிடாயைப் பிடித்தேன். அவரும் வந்தார். அந்தப் பெரிய கணினியைப் பார்த்துக்கொள்கிற ஏர்லான் என்கிறவரும் கூட வந்தார். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அடக்கமான ஆள்.

இனிமேல்தான் என் மானம் போன கதை. நம் வழக்கப்படி யாருக்கு எந்த எலும்பு என்று ராகியா தட்டுத் தட்டாகப் பிரித்து அனுப்பினாள். மூத்தவருக்கு இடுப்பெலும்பு, சரி. ஏர்லானுக்கு என்று அவள் நீட்டிய தட்டைப் பார்த்தேன், நெஞ்செலும்பு! மருமகனுக்கு வைக்கிற நெஞ்செலும்பு! எந்த நினைப்பில் வைத்தாளோ தெரியாது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு வியர்த்துக் கொட்ட, அவசரத்தில் அதைப் பக்கத்துத் தட்டோடு மாற்றி வைத்துவிட்டேன். பக்கத்துத் தட்டு ஷர்ஷெனோவுடையது.

எல்லார் கையும் தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. வைத்த தட்டைத் திரும்ப எடுப்பது அதைவிடக் கேவலம் இல்லையா! ஏர்லான் மூத்தவரின் இடுப்பெலும்பைத் தொடவும் பயந்து, தள்ளவும் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷர்ஷெனோவ் தன் தட்டை நிதானமாகப் பார்த்தார். "பேஷ்! இந்த வயசுல எனக்குப் பொண்ணு பாத்திருக்கீங்க. என் வீட்டுக்காரிகிட்ட யாரு சொல்றது?" என்றார். நான் மேஜைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

அப்போது உங்கள் மகள் எழுந்தாள். "ஐயா, அதே ஆடு, அதே எலும்பு, அதே ஆளுங்க. ஒரே ஒரு இடத்துல மாத்தம். யாராலயாவது சாப்பிட முடியுதா? இதைத்தான் நான் கம்ப்யூட்டர்ல பண்ணணும்ங்கிறேன்" என்றாள்.

அவர் விடுகிற ஆளா! "தட்டு மாறினதாலதான் இந்தக் கூத்துன்னு எப்படிச் சொல்றே? உங்க சித்தப்பா மூஞ்சியைப் பாத்தாலே சோறு எறங்கலை. அதுகூடக் காரணமா இருக்கலாமே?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் ஐயா ஆறு விருந்து. மாத்தாம மூணு, மாத்தி மூணு. ஆறுலயும் சித்தப்பா இருப்பாரு. மாத்தின மூணுல மட்டும் ரகளைன்னா காரணம் தட்டு. ஆறுலயும் ரகளைன்னா காரணம் சித்தப்பா."

கிழவர் சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டியது. "ரெண்டு தடவை திட்டம் குடுத்தியே, இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? மொதப் பக்கத்துல எழுதும்மா!" என்று சொல்லி, இடுப்பெலும்பைத் தானே எடுத்துக்கொண்டு, நெஞ்செலும்பை ஏர்லான் தட்டில் வைத்தார். ஏர்லான் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதைப் பற்றி நீங்கள் எதுவும் யோசிக்க வேண்டாம். திங்கட்கிழமை கையெழுத்தாகிவிட்டது. என்னைக் கேலி செய்துதான் ஜெயித்தாள் என்றாலும், அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணா. நம் குடும்பத்தில் இப்படி ஒரு மூளையா!

ஆக, நீங்கள் கேட்டது முடிந்தது. இனி நீங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். பாதையில் பனி, மாடுகள் சினையாக இருக்கின்றன, பள்ளிக்கூட வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடுங்கள். இது வெறும் மாட்டு விஷயம், மனுஷருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். பனி சீக்கிரம் இளகட்டும், கன்றுகள் நல்லபடியாகப் பிறக்கட்டும், உங்கள் வீட்டு அடுப்புப் புகை நிற்காமல் எழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
மெலிஸ்

பி.கு.: மேலே இருப்பதை அரூகே படித்துத் திருத்தினாள். இதை அவள் பார்க்கவில்லை. உறை ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மனுஷருக்குச் சம்பந்தமில்லை என்றது பொய். அப்படி எழுதச் சொன்னது அவள்தான். மாட்டு மணியை அவள் கோப்பது மனுஷ ரத்தத்தின் இழையில். மலை உச்சியில் மாட்டுக்கு வாங்காத மூச்சு மனுஷனுக்கு ஏன் வாங்குகிறது என்று பார்க்கிறாள். பிளக்கைத் திரும்பச் செருகியபோது அவள் ஓட்டப்போகிற ஆறு ஓட்டங்களின் பெயர்களைத் திரையில் பார்த்துவிட்டேன். மணி மாற்றாத மூன்றுக்கும் அப்பா ஒன்று, அப்பா இரண்டு, அப்பா மூன்று. அன்றைக்குக் கணவாயில் உங்கள் உதடு நீலம் பாரித்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நீங்கள் சங்கடப்படக் கூடாது என்று கல் கதையை நம்பியது போல நடித்தாளாம். "இதுல ஏதாவது கண்டுபிடிச்சு மருந்தா வர இருபது வருஷம் ஆகும், சித்தப்பா. அதுவரைக்கும் அப்பா இருக்கணுமே" என்றாள். அதனால், வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். உடனே கிளம்பி வாருங்கள். பத்தொன்பதாம் தேதி காலை இதய டாக்டரிடம் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். பூட்ஸைக் கழற்ற வேண்டியதில்லை அண்ணா, சட்டையை மட்டும் கழற்றினால் போதும்.