உட்கார மறுத்தவர்

“சிட் டவுன்!”

காலையில், கையில் கரண்டியோடு அடுப்படியில் நின்ற மனைவியைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் இப்படிச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், வாயைக் காதுவரை இழுத்து ஒரு புன்னகை வேறு.

மனைவி அடுப்பை அணைத்தாள். “யாரைப் பார்த்து?”

“உன்னைத்தான். இல்ல, உன்னை இல்ல. கஸ்டமரை. இப்போ நீதான் கஸ்டமர்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது உக்காருன்னு சொல்லியிருக்கீங்களா? இன்னைக்கு அதிசயமா வாயைத் திறந்தா, அதையும் அதட்டிச் சொல்றீங்க.”

“அதட்டலடி, மரியாதையா உபசரிக்கிறேன்.”

“இதுதான் மரியாதைன்னா எனக்கு வேண்டாம் சாமி,” என்று அவள் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மனுஷனுக்கு அன்றைக்குப் பரீட்சை. அதுவும் உட்காரச் சொல்கிற பரீட்சை. அவர் வேலை பார்ப்பது ஒரு பர்னிச்சர் கடையில். பழைய முதலாளியின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். சோபாவோ நாற்காலியோ, வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த்தான் முதன்முதலாக அமுங்க வேண்டும். அதுவரை பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது. ஒருத்தரையும் உட்கார விடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சூப்பர்வைசர் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் ஒரே வார்த்தை: “எந்திரிங்க!” தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்வார். கடையில் அவருக்குப் பெயரே ‘எந்திரி அண்ணன்’.

இப்போது பழைய முதலாளி ஓய்வுக்குப் போய், மருமகள் பொறுப்புக்கு வந்திருக்கிறாள். வந்த கையோடு அவள் கேட்ட கேள்வி, “உக்காந்து பார்க்காம யாராவது சோபா வாங்குவாங்களா?” நியாயமான கேள்விதான். உடனே புதுச் சட்டம் வந்தது. கடைக்குள் கால் வைக்கிற யாராக இருந்தாலும், இங்கிலீஷில், மரியாதையாக, உட்காரச் சொல்ல வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவள் சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டாள். “நாளைக்கு வெளிக் கம்பெனியில இருந்து ஒருத்தர் கஸ்டமர் மாதிரி வருவாங்க அண்ணா. யாருன்னு எனக்கே தெரியாது. அவங்களை நீங்க எப்படி உக்கார வைக்கிறீங்கன்னு பார்த்து எனக்கு ரிப்போர்ட் குடுப்பாங்க. சரியில்லேன்னா நீங்க குடோனுக்குப் போயிடுங்க.”

குடோனில் தூசி இருக்கும், கொசு இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாத ஒன்று அங்கே இருந்தது. குடோனுக்கு இன்சார்ஜ் அவருடைய மச்சான். மனைவியின் சொந்தத் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவரே இவர்தான். அன்றிலிருந்து அவனை “டேய், இங்க வாடா, இதைத் தூக்குடா” என்று விரட்டிக்கொண்டிருப்பவரும் இவர்தான்.

“என் தம்பிதானே, நல்லாப் பார்த்துக்குவான்,” என்றாள் மனைவி.

“அதான்டி பயமா இருக்கு.”

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “சிட் டவுன் எல்லாம் டீச்சர் பசங்களைப் பார்த்துச் சொல்றதுப்பா. ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’னு சொல்லுங்க. சொல்லும்போதே கையை விரிச்சு நாற்காலியைக் காட்டணும். அவ்வளவுதான்.”

அவர் அதைத் தமிழில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். படியில் இறங்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. கையை விரித்துக் காட்டினால் எழுதியிருப்பது ஊருக்கே தெரியுமே! சரி, கையை மூடியபடியே காட்டிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினார்.

கடை திறந்ததும் முதலில் வந்தது கைப்பை மாட்டிய ஒரு அம்மாள். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமி, “ப்ளீஸ்...” என்று ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாள் தானாகவே போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக் சரசரத்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், பழகிப்போன நாக்கு முந்திக்கொண்டது.

“எந்திரிங்கம்மா! அது உக்கார்றதுக்கு இல்ல!”

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சோபா உக்கார்றதுக்கு இல்லாம வேற எதுக்கு?” என்று கேட்டுவிட்டு விருட்டென்று வெளியே போனாள்.

கேஷியர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “போச்சு. அவங்களா இருந்தா?”

“சேச்சே! அவங்களா இருக்காது,” என்றார் சூப்பர்வைசர். ஆனாலும் அதற்கப்புறம் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனார், கல்லாவுக்கு வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். கைக்குட்டை நனைந்துபோயிற்று. உள்ளங்கையில் எழுதிய மையும் பாதி கரைந்துவிட்டது.

அப்போதுதான் அவர் வந்தார்.

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பளபளவென்று ஷூ. சீராக வெட்டிய மீசை. நுழைந்ததும் மனிதர் சோபாவைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார். ஜன்னல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பின்கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

“அண்ணா, ஆள் வந்தாச்சு,” என்று கிசுகிசுத்தாள் கேஷியர் அம்மா. “கஸ்டமர் எவனாவது கட்டிலுக்கு அடியில பார்ப்பானா?”

வெள்ளைச் சட்டைக்காரர் சூப்பர்வைசரை நோக்கி வந்து, “சார், ஐ...” என்று வாயெடுத்தார்.

சூப்பர்வைசர் விடுவாரா? “ப்ளீஸ் ஹேவ் எ சீட்!” என்று ஒரே மூச்சில் சொல்லி, மூடிய கையைச் சோபா பக்கம் நீட்டினார். பார்ப்பதற்கு அவர் முகத்தில் குத்தப் போவது போலத்தான் இருந்தது.

வந்தவர் வெலவெலத்துப் பின்வாங்கினார். “நோ சார். தேங்க் யூ சார்.”

“ப்ளீஸ், ப்ளீஸ்.”

“நோ சார். தேங்க் யூ சார்.” சொல்லிவிட்டுச் சுவரோரமாய்ப் போய் விறைப்பாக நின்றுகொண்டார்.

சூப்பர்வைசர் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து மகளுக்குப் போன் போட்டார். “நீ சொன்னதைச் சொன்னேன்டா. உக்கார மாட்டேங்கிறாரு.”

“கெஞ்சுற மாதிரி சொல்லியிருப்பீங்க. சாதாரணமா, பிரெண்ட்லியா, ‘வை டோன்ட் யூ சிட்?’னு கேளுங்கப்பா. கிளாஸ் இருக்கு, வெச்சிடறேன்.”

பிரெண்ட்லி என்றால் எப்படி என்று அவள் சொல்லித் தரவில்லை. இவர் நேராகப் போய், இடுப்பில் கை வைத்து, ஆளின் கண்ணைப் பார்த்து, “வை டோன்ட் யூ சிட்?” என்றார். வட்டியோடு கடனைக் கேட்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் இதமாகக் கேட்டிருப்பான்.

மனிதர் குதிகாலை ஒன்று சேர்த்து நெஞ்சை நிமிர்த்தினார். “ஐ ஆம் ஓகே சார்!”

அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. ‘எனக்குத்தான் வேர்க்கணும், இவருக்கு ஏன் வேர்க்குது?’ என்று சூப்பர்வைசருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் யோசிக்க நேரம் ஏது?

“பிளாஸ்டிக் மேல யாரு உக்காருவா அண்ணா?” என்றாள் கேஷியர் அம்மா. “டீசண்டான மனுஷன். உறையைக் கழட்டுங்க, தானா உக்காருவாரு.”

அது நல்ல யோசனையாகப் பட்டது. அந்தக் கடையின் வரலாற்றிலேயே முதல் தடவையாகச் சூப்பர்வைசர் ஒரு சோபாவின் உறையைக் கழற்றினார். பெற்ற பிள்ளையின் சட்டையை நடுத்தெருவில் கழற்றுவது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே வெண்ணெய் நிறத்தில் வெல்வெட். தட்டிவிட்டு, ஊதிவிட்டு, “ப்ளீஸ் பி சீட்டட்,” என்றார். இது கேஷியர் அம்மா தந்த வசனம்.

“நோ சார். தேங்க் யூ சார்.”

அவர் உட்காரவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து, வெளியே மழையில் நனைந்த ஒரு பெரிய உடம்புக்காரர், சொட்டுகிற குடையோடு உள்ளே வந்து, வெண்ணெய் வெல்வெட்டில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“எந்திரிங்க!” சூப்பர்வைசர் போட்ட கூச்சலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. “எந்திரிங்க, எந்திரிங்க, எந்திரிங்க!”

“யோவ், இந்த சோபாவை வாங்கத்தான்யா வந்தேன்! ஒரு மாசமா வெளியில இருந்து பார்த்துக்கிட்டிருக்கேன். உறையைக் கழட்டினீங்களேன்னு ஆசையா உக்காந்தா நாயை விரட்டுற மாதிரி விரட்டுறே!”

சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவசரத்தில் வந்தது, “சிட் டவுன்!” அதுவும் காலையில் வீட்டில் சொன்ன அதே குரலில்.

குடைக்காரர் போய்விட்டார். சோபாவில் அவர் அளவுக்கு ஓர் ஈரத்தடம் மட்டும் மிச்சம். இதையெல்லாம் சுவரோரத்து மனிதர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘எல்லாத்தையும் மனசுல குறிச்சுக்கிறாரே!’ சூப்பர்வைசருக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் குடோனில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “மாமா, அந்தக் கட்டிலை இப்படி நகர்த்துங்க” என்று சொல்வது காதில் கேட்டது. ‘மாமா’ என்றாவது சொல்வானா? அதுவே சந்தேகம்.

இனி வார்த்தை வேலைக்கு ஆகாது என்று தோன்றியது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு பூனை மாதிரி பின்னாலேயே போய், அவர் முழங்காலுக்குப் பின்புறம் மெல்ல இடித்தார். இடித்தால் மடங்கும், மடங்கினால் உட்காருவார், அவ்வளவுதானே கணக்கு? மனிதர் தீயை மிதித்தவர் போல ஒரு துள்ளுத் துள்ளி அந்தப் பக்கம் போனார். இவர் நாற்காலியைத் திருப்பினார். அவர் டைனிங் டேபிளைச் சுற்றினார். இவரும் சுற்றினார்.

“ப்ளீஸ் சார்!”

“நோ சார்!”

“ஒன் மினிட் சார்!”

“நோ சார், நோ சார்!”

நடுவில் ஒரு புதுமணத் தம்பதி கட்டில் பார்க்க வந்தார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் நாற்காலியோடு ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். வந்த வழியே போய்விட்டார்கள்.

போன் அடித்தது. முதலாளியம்மா. “என்ன அண்ணா, இன்னைக்கு யாரும் வந்தாங்களா?”

“வந்திருக்காரு மேடம்,” என்றார் மூச்சு வாங்க. “காலையில இருந்து அவரைத்தான் கவனிச்சுக்கிட்டிருக்கேன். வேற யாரையும் உள்ள விடலை.”

“வேற யாரையும் விடலையா?”

“சிக்னல் சரியில்ல மேடம்,” என்று வைத்துவிட்டார்.

அவருக்கு இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. செய்து காட்டுவது. கடையிலேயே மெத்தென்ற சோபாவுக்குப் போய், “லுக் சார். லைக் திஸ்,” என்று தானே உட்கார்ந்து காட்டினார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆஹா! முதுகு அப்படியே கரைந்தது. அடடா, இதிலா ஊரை உட்கார விடாமல் வைத்திருந்தோம் என்று ஒரு நிமிஷம் குடோன் கூட மறந்துபோயிற்று. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் உடம்பு மறுத்தது. கையை நீட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர்தான் ஓடி வந்து தூக்கிவிட்டார். தூக்கிவிட்டதும், சூப்பர்வைசர் உட்கார்ந்ததை யாரும் பார்த்துவிட்டார்களோ என்கிற மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

இருட்டுகிற நேரமாகிவிட்டது. கேஷியர் அம்மா கல்லாவைப் பூட்டினாள். அன்றைக்கு அதில் போட ஒன்றுமே இல்லை. “என்னமோ அண்ணா, கொடுத்து வைக்கல,” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் இரண்டு பேர் மட்டும். சுற்றிலும் நூறு பேர் உட்காரலாம். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கால் வலி தாங்கவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. அப்படியும் உட்காருவேனா என்று நிற்கிறாரே! சூப்பர்வைசருக்கு ஆத்திரம், அழுகை, பயம் எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. இங்கிலீஷ் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“சார், நான் தமிழ்லயே கேட்டுடறேன். எனக்கு இங்கிலீஷ் வராது, மரியாதையும் சரியா வரலை. ஆனா மனசாரக் கேக்கறேன், ஒரே ஒரு நிமிஷம் உக்காருங்க. நீங்க உக்காரலேன்னா நாளையில இருந்து நான் என் மச்சான் முன்னாடி கை கட்டி நிக்கணும். அதைவிட வேற கேவலம் இருக்கா? நானும் பொண்டாட்டி பிள்ளைக்காரன் சார். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

வெள்ளைச் சட்டைக்காரரின் கண் கலங்கியது. பதறிப்போய் அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

“நானும் பொண்டாட்டி பிள்ளைக்காரன்தான் சார், என்னை உக்கார மட்டும் சொல்லாதீங்க, டூட்டியில உக்காந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. யூனிஃபார்ம் நாளைக்குத்தான் தைச்சு வரும், போனதும் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுன்னாங்க, நீங்க சொல்லவே விடலை; வந்த கஸ்டமரை எல்லாம் விரட்டிட்டு, பொழுதன்னைக்கும் இந்தப் புது வாட்ச்மேனையே சோதிச்சுட்டீங்க... இப்பவாவது சொல்லுங்க சார், நான் பாஸா?”