ரத்து மாமாவும் ஒரு பவர் பத்திரமும்

தன் நிழலைக்கூட இரண்டு சாட்சிக் கையெழுத்து இல்லாமல் நம்பாத ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஸ்ரீரங்கத்து ரத்து மாமாதான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. பத்திரம் எழுதும்போது மட்டும் அதைக் கேட்டு எழுதிக்கொள்வோம்.

ஐம்பதுகளின் கடைசியில் தென்னூரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மாமா எங்கள் கட்சிக்காரர். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் வீடு, லால்குடிப் பக்கம் நஞ்சை, தென்னூரில் வாடகைக்கு விட்ட இன்னொரு வீடு. கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியதும், தமக்குப் பதிலாகச் சொத்தைக் கவனிக்க யாருக்காவது பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டிய நிலை.

"அப்படியே ஒரு உயிலும் எழுதிடலாமே," என்றார் வக்கீல்.

"மாட்டவே மாட்டேன்! உயில் எழுதினா, சொத்து வரப்போறவன் நான் எப்போ போவேன்னு காத்துண்டிருப்பான். நான் போனா பவரும் போயிடும்னு நீங்கதானே சொன்னேள்? பவர் வாங்கினவன் நான் நன்னா இருக்கணும்னு தினம் பெருமாளைச் சேவிச்சிண்டிருப்பான்."

வக்கீல் சட்டப் புத்தக அலமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, பவருக்கு முத்திரைத்தாள் எடுக்கச் சொன்னார்.

முதல் பவர் அக்கா பிள்ளைக்கு. பதிவு செய்த மை காய்வதற்குள் மாமா திரும்பி வந்தார். "ரத்து பண்ணு. வரச்சேயெல்லாம் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறான். எதுக்குக் கேக்கறான்?"

அடுத்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மச்சினன். அதுவும் ரத்து. "ஒரு தடவைகூட உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலே. என்ன நெஞ்சழுத்தம்!"

அதற்கடுத்து பக்கத்து வீட்டுக்காரர். அவர் பாவம், மாமாவின் வயல் வரப்புத் தென்னையிலிருந்து இளநீர் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "என் மரத்து இளநீரை எனக்கே குடுத்து நல்ல பேர் வாங்கப் பார்க்கறான்," என்றார் மாமா. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மாமாவின் தலை தெரிந்தாலே உள்ளேயிருந்து, "எழுதவா சார், ரத்தா?" என்று குரல் வரும். பெயர் வந்தது அப்படித்தான்.

கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. மாமா வந்து உட்கார்ந்தார். "அந்தோணிசாமிக்கு எழுது."

என் பேனா நின்றுவிட்டது. அந்தோணிசாமி ஒரு பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். மாமாவின் தென்னூர் வீட்டில் குடியிருப்பவர். கொல்லையில் அவர் கேட்காமல் கீற்றுக் கொட்டகை போட்டதற்காக, காலி செய்யச் சொல்லி மாமா பல வருஷமாகக் கேஸ் நடத்திக்கொண்டிருந்தார். கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து இருவரும் முறைத்துக்கொள்வார்கள்.

"அவர் உங்க எதிர்க்கட்சி ஆச்சே!" என்றார் வக்கீல்.

"அதான் சொல்றேன். இத்தனை வருஷமா நான் கண்கொட்டாம பார்த்துண்டிருக்கறது அவனை ஒருத்தனைத்தான். கொட்டகை போட்டியான்னு கோர்ட்டுல கேட்டா, போட்டேன்ங்கறான். ஒரு பொய் கிடையாது. மத்தவா என்ன பண்ணுவான்னு யார் கண்டா?"

"அவர் மேல நீங்க போட்ட கேஸை யார் நடத்துறது?"

"அதையும் அவனே நடத்தட்டும். அவனுக்குத்தான் அந்தக் கேஸ் நன்னாத் தெரியும்."

வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கேஸை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதச் சொன்னார்.

அந்தோணிசாமி சளைத்தவரா? பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுல என்ன வில்லங்கம் வச்சிருக்காரு சார்? இப்பவே சொல்லிட்டேன், கொட்டகையைப் பிரிக்க மாட்டேன்."

"பிரிக்கச் சொன்னேனா? அதைக் கோர்ட்டுல பார்த்துக்கறேன்," என்றார் மாமா. அந்தோணிசாமி பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு மாமா படுத்திருந்தபோது கேஸ் விசாரணைக்கு வந்தது. எங்கள் வக்கீல் வாய்தா கேட்டார். எதிர் வக்கீல் எழுந்து, வாதி வரவில்லை, கேஸைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்று ஆரம்பித்தார். விட்டிருந்தால் அன்றைக்கே மாமா தோற்றிருப்பார். அந்தோணிசாமி பின்னாலிருந்து தம்முடைய வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம் சார். கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கிற மனுஷன்கிட்ட ஜெயிச்சு என்ன ஆகப்போகுது? அவரு வரட்டும்."

வாய்தா கிடைத்தது. நான் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தலையை அசைக்கக்கூடாது என்று மாமாவுக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் அப்படிச் சொன்னான்? என்னவோ திட்டம் வச்சிருக்கான்."

"திட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. அவரும் வந்திருக்கார். வெளியில நிக்கிறார்."

மாமாவின் விரல்கள் போர்வை ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தன.

"வெயில்ல வந்திருப்பான். கூஜாவில மோர் இருக்கு பாரு. முதல்ல அதைக் குடு."

வெளியே போய்ச் சொன்னேன். "மோரா? எனக்கா?" என்று அந்தோணிசாமி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மோரைக் குடித்து, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாமாவின் லால்குடி வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்ததையும் நாற்று நட்டதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.