எட்டுக் கோழிகளும் ஒரு பரீட்சையும்

மூன்றாவது நாளும் கோழிகள் வந்துவிட்டன.

சகாயதாஸ் ஆர்மோனியத்தில் முதல் வரியைக்கூட வாசித்து முடிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு படபடப்பு. நான்கு பெட்டைக் கோழிகள் வேலிக்கு அடியில் நுழைந்து, முற்றத்தைக் கடந்து, படியேறி அவன் முன்னால் வரிசையாக நின்றன. தலையைச் சாய்த்து அவனையே பார்த்தன. அவன் வாசிப்பதை நிறுத்தினான். உடனே கொக்கரிக்கத் தொடங்கின. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாதவனைத் திட்டுவதுபோல் இருந்தது.

"சூ! போ!"

போகவில்லை.

பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. திருவனந்தபுரத்துக் கல்லூரியில் இசையமைப்பு இளங்கலை, மூன்றாம் ஆண்டு. மற்றத் தாள்களில் எல்லாம் தேறிவிட்டான். மிச்சம் ஒன்றுதான். சொந்தமாக ஒரு மெட்டு அமைத்துப் பரீட்சகர் முன் வாசிக்க வேண்டும். 'இது என் சொந்தக் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். மாணவர் வேலைநிறுத்தத்தால் கல்லூரி வாசலில் பூட்டுத் தொங்கியது. அதனால் பரீட்சகர் சதாசிவன் சார் நெய்யாற்றின்கரையிலிருந்து கார்டு போட்டிருந்தார். 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கே வருகிறேன்.' போன வருடம் சினிமா மெட்டை மாற்றி வாசித்த இரண்டு பேரை அதே இடத்தில் பெயில் போட்டவர் அவர்.

கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியது சகாயதாஸின் மனைவி ரோசா. "மாதா கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சா மட்டும் போராது. படிச்சு ஒரு பட்டம் வாங்கணும், கேட்டேரா?" என்றாள். போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அவள் கேட்டதில் அவன் இன்னும் செய்யாமல் இருந்தது அந்த ஒன்றுதான்.

கோழிகளும் அவள் வளர்த்தவை. ஏழு பெட்டை, ஒரு சேவல். அவள் போனபின் நான்கு பெட்டைகளை அடுத்த வீட்டு விமலகுமாரியிடம் கொடுத்தான். மீதி மூன்றையும் சேவலையும் இரண்டு வீடு தள்ளி இருந்த வேதமாணிக்கத்திடம் கொடுத்தான். கோழிகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது முட்டை மட்டும். மற்ற வேலைகள் எல்லாம் அவன் எழும்புமுன்னே முடிந்திருக்கும்.

ஒரு வருடமாக அவனுக்கு ஒரு சுரமும் வரவில்லை. போன வாரம் ஒரு விடியற்காலையில், தூக்கம் கலைந்தும் கலையாமலும் கிடந்தபோது, முதல் வரி தானாக வந்தது. எழுந்து எழுதிவைத்தான். கல்லூரியில் படித்ததை வைத்து மற்ற வரிகளை அதன்மேல் கட்டினான். மெட்டு முடிந்தது. கோழிகள் தொடங்கின.

"அக்கா, உங்க கோழியப் பிடிங்க!"

விமலகுமாரி வேலியோரம் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுப்புல பச்ச வெறகு. ஒரே பொக" என்றாள். பிறகு ஆர்மோனியத்தைப் பார்த்தாள். "மக்கா, உனக்க பெட்டியில செதலு உண்டு."

"செதலா?"

"பின்ன? கோழிக்கு செதலுன்னா உயிராக்கும். நீ காத்து அடிக்கும்ப வாசன வெளிய வருது. இன்னொரு தடவ வாசி, பாப்போம்."

வாசித்தான். கோழிகள் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தன.

"கண்டியா? செதலேதான்."

கரையான் என்றால் ஆர்மோனியம் ஒரு மாதம் தாங்காது. சகாயதாஸ் அன்று மத்தியானமே பெட்டியைக் கழற்றினான். உள்ளே ஒரு கரையானும் இல்லை. வந்தால் என்ன செய்வது என்று பெட்டிப் பலகை எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் பூசினான். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம் வந்தது. நடுவில் ஒரு கட்டை, அமுக்கினால் எழும்பவில்லை. காற்று அடித்ததும் 'ஙொய்' என்று அது மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது. ரப்பர் வளையம் போட்டு இழுத்துக் கட்டினான்.

மறுநாள் காலையும் கோழிகள் வந்தன. மண்ணெண்ணெய் வாசனைக்குத் தும்மின. ஆனால் நகரவில்லை.

இங்கே இருந்தால் சரிவராது என்று ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வேதமாணிக்கத்தின் வலைக்கொட்டகைக்குப் போனான். வேதமாணிக்கம் கடலுக்குப் போகாத நாளில் வலை முடைவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் தபேலா வாசிப்பார். பரீட்சைக்கும் அவர்தான் தாளம்.

"வாலே மக்கா, இங்க ஒருத்தரும் தொந்தரவு செய்யமாட்டாங்க. வாசி."

வாசித்தான். கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து மூன்று பெட்டைகளும் சேவலும் பறந்து வந்தன. சேவல் நேராக ஆர்மோனியத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

வேதமாணிக்கம் வலை ஊசியைக் கீழே வைத்தார். அவர் மனைவி குமாரி அடுக்களை வாசலில் கையில் அகப்பையோடு நின்றாள்.

"அண்ணா, என்ன இது?" என்றான் சகாயதாஸ்.

"அது... பருந்து" என்றார் வேதமாணிக்கம்.

"எங்க பருந்து?"

"பருந்து இல்ல. உனக்க மெட்டு பருந்துச் சத்தம் மாதிரி கேக்குதாக்கும். கோழி பயந்து ஆளு இருக்கிற எடம் தேடி வருது. நீ கொஞ்சம் மேல ஏத்தி வாசி."

"இப்பமே வாசிக்கட்டும்" என்றாள் குமாரி. "பருந்தா இல்லியான்னு தெரியணுமே."

ஏற்றி வாசித்தான். தபேலாவையும் அந்தச் சுருதிக்கு ஏற்ற வேண்டும். வேதமாணிக்கம் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினார். 'டப்' என்று தோல் கிழிந்தது. சேவல் மட்டும் ஆர்மோனியத்தைவிட்டு இறங்கவில்லை.

"தோல் மாத்த பாறசாலைக்குக் கொண்டுபோகணும். பத்து நாள் ஆகும்" என்றார் வேதமாணிக்கம்.

"பரீட்சை வெள்ளிக்கிழமை, அண்ணா!"

குமாரி உள்ளே போய்ச் சோறு வைக்கும் அலுமினியப் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். "இதுல தட்டுங்க. சத்தம் நல்லா வரும். உச்சைக்குச் சோறு வைக்கும்ப மட்டும் திருப்பித் தந்தாப் போதும்." பிறகு சகாயதாஸிடம் ஒரு மூடிய பாத்திரத்தை நீட்டினாள். "சாளைக் கறி. நீ கஞ்சி மட்டும் குடிச்சிட்டுக் கெடக்கேன்னு விமலா சொன்னா. தின்னுட்டு இன்னொரு தடவ வாசி."

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. கோழி வருவதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஊரே அக்கறை காட்டியது. தினமும் யாராவது வந்து, "இன்னொரு தடவ வாசி, பாப்போம்" என்றார்கள். கறியும் கிழங்கும் வந்துகொண்டிருந்தன. காரணம் மட்டும் வரவில்லை. இவ்வளவு நல்லவர்களுக்கு இவ்வளவு தொந்தரவு கொடுக்கிறோமே என்று சகாயதாஸுக்குக் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டுக்கொண்டான். "ஒரு மணி நேரம் மட்டும் கோழியக் கடவம் போட்டுக் கவுத்து வையுங்க. உங்க புண்ணியம்."

எட்டுக் கோழிகளும் கவிழ்த்த எட்டு ஓலைக் கடவக் கூடைகளுக்குள் போயின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல். சேவலுக்கு மட்டும் செங்கல் கிடைக்கவில்லை. குமாரி ஒரு தேங்காயை வைத்தாள்.

சதாசிவன் சார் சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். மெலிந்த மனிதர். குடை, தோல்பை, இரண்டு கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். "எந்தா இது, மண்ணெண்ண வாசன?"

"ஆர்மோனியம் சார்."

"ஓ." தாளத்துக்கு உட்கார்ந்திருந்த வேதமாணிக்கத்தையும் அவர் மடியில் இருந்த பானையையும் பார்த்தார். "இது?"

"தபேலா சார்" என்றார் வேதமாணிக்கம்.

சார் பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "தொடங்கலாம்."

சகாயதாஸ் முதல் வரியைத் தொட்டான்.

இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறல் எழுந்தது. வேலிக்கு அப்பால் செங்கற்கள் உருண்டன. "அய்யோ, போச்சே!" என்று விமலகுமாரி கத்தினாள். சகாயதாஸ் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தோல்வி. ரப்பர் வளையம் தெறித்து, 'ஙொய்' தொடங்கியது. அதையும் ஒரு சுருதிபோலச் சேர்த்துக்கொண்டு வாசித்தான். நெற்றியிலிருந்து வியர்வை கட்டைகளின்மேல் சொட்டியது.

முதல் நான்கு கோழிகள் படியேறின. பின்னால் மூன்று. கடைசியாக, வீட்டோர ஒழுங்கையில் ஒரு கடவம் தானாக நடந்து வந்தது. தேங்காயைத் தள்ளிவிட்ட சேவல், கடவத்தைக் கழற்ற நேரமில்லாமல் அதோடேயே புறப்பட்டிருந்தது. கடவம் வாசற்படியில் முட்டிக் கவிழ்ந்தது. சேவல் வெளியே வந்து சிறகை உதறிக்கொண்டு, வரிசையின் ஓரத்தில் தன் இடத்தில் நின்றது.

எட்டும் ஒரு சத்தமும் போடாமல் கடைசிச் சுரம்வரை கேட்டன.

சார் கண்ணைத் திறந்தார். எட்டுக் கோழிகளையும் எண்ணுவதுபோல் பார்த்தார்.

"கோழி எதுக்கு வருது?"

"செதலு சார்!" என்றாள் வாசலில் நின்ற விமலகுமாரி.

"பருந்து சார்!" என்றார் வேதமாணிக்கம் அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். சார் சகாயதாஸைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல்ல சார்" என்றான்.

சார் பேனாவைத் திறந்தார். "பதினோரு வருஷமா பரீட்ச எடுக்கறேன். கேக்க வந்தவங்க எழும்பிப் போறதுதான் வழக்கம். ஓடி வந்து கேட்டது இது ஆத்யம்." எழுதிக்கொண்டே சொன்னார். "ரெண்டாம் வரிமுதல் உள்ளது எல்லாம் காலேஜில் படிச்சது. நல்லா படிச்சிருக்கே, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த முதல் வரி ஒரு காலேஜிலயும் கிட்டாது. எங்கேருந்து வந்தது?"

"தூக்கத்துல வந்தது சார்."

"அப்போ உறங்கறத விடாதே."

தேர்ச்சி. முதல் வகுப்பு. சார் கையெழுத்துப் போட்டு, விமலகுமாரி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்து, சேவலுக்கும் ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

சகாயதாஸ் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பானையைத் துடைத்துக் குமாரியிடம் நீட்டினான்.

"அக்கா, அண்ணா... நீங்க எல்லாரும் இல்லைன்னா இது நடந்திருக்காது. ரொம்ப உபத்திரவம் தந்துட்டேன். ஆர்மோனியத்துக்கு நாளைக்கே செதலு மருந்து அடிக்கேன். பருந்தானாலும் சரி, செதலானாலும் சரி, இனி இந்த மெட்டத் தொடமாட்டேன். உங்க கோழியெல்லாம் நிம்மதியா இருக்கட்டும்."

வேதமாணிக்கம் வேலியைப் பார்த்தார். விமலகுமாரி கண்ணைத் துடைத்தாள். அடுப்பு எரியவில்லை.

குமாரி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"செதலும் இல்ல, பருந்தும் இல்ல மக்கா, ரோசா விடியப்பொறம் கோழிக்கு எர போடும்ப வாய்க்குள்ள பாடுற மெட்டாக்கும் அது, சொன்னா நீ நிறுத்திப்போடுவேன்னு பயந்துதான் ஊரெல்லாம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."