கரப்ஷன் அண்ணாச்சியின் ஆறாத சாம்பார்

நாள் முழுக்க ‘கரப்ஷன், கரப்ஷன்’ என்று அலறிவிட்டு, ஒருத்தரைக்கூட மாட்டிவிடாத மனிதர் இந்தியாவிலேயே எங்கள் கரப்ஷன் அண்ணாச்சி ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் கிளார்க். ஊழியர்களின் விவரங்களையெல்லாம் அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அதைக் கட்டி மேய்க்க வந்தவர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். வந்த வாரமே ஹாலுக்கு நடுவில் நின்று கத்தினார்.

“டேபிள்ல கரப்ஷன்! லீவு டேபிள்ல பயங்கர கரப்ஷன்!”

லீவு செக்ஷன் கோஷ் பாபு டிராயரைப் பூட்டிக்கொண்டு பாத்ரூம் போனவர், சாயங்காலம்வரை திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் விவரங்களை அடுக்கும் கட்டத்துக்கும் டேபிள் என்றுதான் பெயர், அது சிதைவதைத்தான் கரப்ஷன் என்கிறார் என்று எங்களுக்கு விளங்குவதற்குள் பாதி ஆபீஸ் மெடிக்கல் லீவில் போய்விட்டது.

காலையில் அண்ணாச்சி சரிசெய்வார். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் மறுபடி குளறுபடி. ரிட்டயர் ஆகவேண்டிய கோஷ் பாபு பிரசவ லீவில் இருப்பார். அண்ணாச்சி ஒயரை மாற்றினார், டிஸ்கை மாற்றினார், கடைசியில் சர்வருக்கு விபூதி பூசினார். “என்னவே செய்யுது உமக்கு? வாயத் தொறந்து சொல்லும்வே” என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது அவர் லெமன் டீ குடிக்க வெளியே போய்விடுவார். கடைசியில் வந்து கேரியரைத் திறந்தால் சாம்பாரில் ஆவி பறக்கும். டிசம்பர் குளிரில்!

“திருநெல்வேலி எவர்சில்வர்வே! சூடு ஆறவே ஆறாது” என்று எங்களிடம் பெருமையடிப்பார்.

நடுவில் ஊர்க் கல்யாணத்துக்கு லீவில் போனார். அவர் இல்லாத நாட்களில் டேபிள் சமர்த்தாக இருந்தது. திரும்பி வந்ததும் மறுபடி கரப்ஷன். ஆபீஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

மேனேஜர் மட்டும் வேறொருத்தியைப் பார்த்தார். லீவு விவரங்களை டைப் செய்யும் ஷிப்ரா, கான்ட்ராக்ட் பெண். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் கண்டபடி டைப் செய்கிறாள், மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. “சார், அந்தப் பொண்ணு வேலை சுத்தம். நாளைக்குள்ள நானே கண்டுபிடிக்கேன்” என்று தமிழிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். நான்தான் இங்கிலீஷில் சொன்னேன்.

மறுநாள் டீக்குப் போகாமல், சர்வர் அறை பீரோவுக்குப் பின்னால் என்னையும் இழுத்துக்கொண்டு ஒளிந்தார். கதவு மெல்லத் திறந்தது. ஷிப்ரா! தன் கம்ப்யூட்டரில் லீவு டேபிளைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு கையில் மின்சார அடுப்பு, மறுகையில் அண்ணாச்சியின் கேரியர். லோட் ஷெட்டிங்கிலும் கரன்ட் போகாத இடம் அந்த அறை ஒன்றுதான். சர்வருக்கான யு.பி.எஸ்.ஸிலேயே அடுப்பைச் செருகினாள். பாரம் தாங்காமல் சர்வர் ‘ஙொய்ங்’ என்று அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தது. திறந்து கிடந்த லீவு டேபிள் அதோடு சிதைந்தது. அவள் பாட்டுக்குச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி வெளியே வந்தார். அவள் பயந்துபோய், “தாதா, டாண்டா கேலே ஷொரீர் காராப் ஹொபே” என்றாள். ஆறினதைத் தின்றால் அண்ணனுக்கு உடம்பு கெட்டுவிடுமாம்.

அண்ணாச்சி கேரியரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இந்த கேரியர்ல சூடு நிக்கவே இல்லையாவே?” என்று என்னிடம் கேட்டார்.

நேராக மேனேஜரிடம் போனார். “சார், ஹீட்டர் மைசெல்ஃப் ஒன்லி. சாம்பார்” என்றார். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். ஷிப்ராவின் வேலை தப்பியது. அப்புறம் டேபிள் கெடவே இல்லை.

மறுநாள் கரியாஹாட் மார்க்கெட்டில் வாங்கிய புதுக் கேரியரோடு வந்தார். ஷிப்ரா தன் இடத்திலிருந்தே கவலையாக, “தாதா, கொரொம் ஆச்சே?” என்று கேட்டாள். சூடாக இருக்கிறதா என்று. நான் எட்டிப் பார்த்தேன். சாம்பாரில் எண்ணெய் உறைந்து கிடந்தது.

“கொரொம், கொரொம்!” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கவளத்தையும் ஃபூ ஃபூ என்று ஊதி ஊதிச் சாப்பிட்டார் அண்ணாச்சி. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டார்.