பதற்றக் காவலரின் காத்திருப்பு அறை

மனித குலத்தின் பதற்றத்தைத் தம் சொந்தச் சொத்துபோலப் பேணிக் காத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நம் உளச்சிகிச்சையாளர். படபடப்பும் கைநடுக்கமும் உள்ளவர்களுக்காக ஒன்பது புத்தகங்கள் எழுதினார், ஏறாத மேடையில்லை. 'பதற்றமுள்ளோரின் குரல்' என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அது சத்தியமான பேச்சு. அவர் எதிரில் உட்கார்ந்தவர்கள் வாய் திறக்க அவர் இடம் கொடுத்ததே இல்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு 'பதற்றக் காவலர்' விருது தருவதென்று ஒரு குழு கூடி முடிவெடுத்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி கழுத்தை அறுத்தது: "தங்களால் குணமடைந்தவர் ஒருவரைக் குறிப்பிடுக."

"ஒருத்தர் போதுமாமா? வரிசையா நிக்க வைப்போம். பேரையெல்லாம் எடுங்கம்மா," என்றார் வரவேற்பாளரிடம்.

அந்த அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், மத்த நாள் வர்றவங்க எல்லாரும் இன்னும் வந்துட்டுதான் இருக்காங்க. செவ்வாய்க்கிழமைக்காரங்கள்ல மட்டும் ஆறு பேர் நின்னுட்டாங்க."

"ஏனாம்?"

"நல்லாயிட்டாங்களாம்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. அறுவரில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக்கை உடனே வரவழைத்தார். லிஃப்ட் கதவு மூடினாலே மூச்சு முட்டி, எட்டு மாடியும் படியேறி வேலை பார்த்த மனுஷன். இப்போது ஜம்மென்று வந்து உட்கார்ந்தார்.

"என்னோட எந்த வார்த்தை உங்களைக் குணமாக்குச்சு? கூச்சப்படாம சொல்லுங்க."

மெக்கானிக் மோவாயைச் சொறிந்தார். "வார்த்தைன்னு இல்ல சார். செவ்வாய்க்கிழமை டிவி பேட்டி முடிச்சு ரெண்டு மணி நேரம் லேட்டா வருவீங்கல்ல? அதுவரைக்கும் பெஞ்சில சும்மாதானே இருப்போம், பேச ஆரம்பிச்சோம். தையல்கார அக்காவுக்கு பஸ்னா பயம். நான் அவங்ககூட பஸ்ல போனேன். அவங்க என்கூட லிஃப்ட்ல வந்தாங்க. அப்படியே எனக்குச் சரியாப் போச்சு."

"உள்ள என்கிட்ட வந்தப்புறம்?"

"உள்ள வந்தா மறுபடி படபடங்கும் சார். தப்பா நினைச்சுக்காதீங்க."

பெரியவர்கள் தப்பாக நினைப்பதில்லை, நடவடிக்கை எடுக்கிறார்கள். படிப்பும் பட்டமும் இல்லாத ஆட்கள் தம் கூரைக்குக் கீழேயே தம் நோயாளிகளைத் திருட்டுத்தனமாகக் குணப்படுத்தி வந்திருக்கிறார்கள். 'தனியுரிமை' கருதி மறுநாளே பெஞ்சை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகைகளுக்குள் தனித்தனி நாற்காலி போட்டார்கள். 'பேசக் கூடாது' என்று எழுதி மாட்டினார்கள். பேட்டியையும் நோயாளிகள் வராத வியாழனுக்கு மாற்றிக்கொண்டு, செவ்வாய்தோறும் டாண் என்று ஐந்து மணிக்கு வந்து நின்றார்.

வரவேற்பாளருக்கு மனசு கேட்கவில்லை. "சார், அந்தத் தையல்கார அக்கா இப்பதான் நாலு ஸ்டாப் தனியாப் போறாங்க. வெளியூர்ல பேத்தி பிறந்திருக்கு, அடுத்த மாசம் பஸ்ல போய்ப் பார்க்கணும்னு துணியெல்லாம் தைச்சு வெச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமை மட்டுமாவது பெஞ்சைப் போட்டுடலாமே."

"அவங்களுக்கு நான் இருக்கும்போது பெஞ்ச் எதுக்கும்மா?"

ஏழாவது கேள்விக்கு அவரே விடை எழுதினார்: "குணம் என்பது பழைய சிந்தனை. நாங்கள் உடனிருக்கிறோம்." குழு மெய்சிலிர்த்து விருதை உறுதி செய்தது.

விழாவன்று அவரால் பயனடைந்தவர் என்று தையல்கார அக்காவை மேடையேற்றினார்கள். குழுத் தலைவர் கனிவாகக் கேட்டார்: "இவர்கிட்ட எத்தனை வருஷமா வர்றீங்க?"

"ஏழு வருஷங்க."

"பேத்தி பிறந்திருக்காமே, பார்த்தாச்சா?"

"கிளம்பினேங்க. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். ஏற முடியல. திரும்பி வந்துட்டேன்." அக்கா மைக்கை வாயருகே இழுத்தார். "முன்னாடி பெஞ்சில..."

உளச்சிகிச்சையாளர் மைக்கைப் பரிவோடு வாங்கிக்கொண்டார். அரங்கம் எழுந்து கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பார்த்தீங்களா, இவங்களால என்னை விட்டு எங்கயும் போக முடியாது."