ஊதியது நான், பார்த்தது உரக்கடையை

காவிரித் தண்ணீர் பாய்கிற ஊர்களில் இதுவரை ஊதப்பட்ட விசில்களிலேயே அதிக மரியாதை பெற்றது உரக்கடையின் விசில்தான். பஸ் கண்டக்டர் ஊதினால்கூட நம் ஜனங்கள் "இருங்க, இந்த டீயைக் குடிச்சிட்டு வந்துடறேன்" என்பார்கள். உரக்கடை ஊதினால் மாடு நிற்கும். மயிலாடுதுறையில் மைதானத்துக்குள் புகுந்த ஒரு மாடு நின்றது; என் கண்ணால் பார்த்தேன். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். உண்மையை மறைத்தால் மட்டும் அணைந்துவிடவா போகிறது?

உரக்கடை என்பது இங்கே கடையல்ல, ஆள். யூரியாவும் டிஏபியும் விற்பது அவர் தொழில். கூடைப்பந்து ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக நிற்பது அவர் வியாதி. அவருடைய பெயரைக் கேட்காதீர்கள். கடைப் பலகையில் இருப்பது அவர் அப்பா பெயர். ஒரு பொங்கல் போட்டிக்கு அடித்த நோட்டீஸில் "நடுவர்கள்: உரக்கடை மற்றும் ஒருவர்" என்று போட்டிருந்தார்கள். அந்த ஒருவர் நான்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ரெஃப்ரி பரீட்சை எழுதி, முதல் தடவையிலேயே தேறியவன். விதிப் புத்தகத்தில் எந்த விதி எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை, அது வேறு விஷயம். உரக்கடையும் அதே பரீட்சையைத்தான் எழுதினார். பரீட்சை வைத்தவரிடமே விதியின் நியாயத்தைப் பற்றி வாக்குவாதம் செய்து, அவருக்கே டீ வாங்கிக் கொடுத்து, எப்படியோ தேறினார். அன்றிலிருந்து டெல்டாவில் எங்கே போட்டி நடந்தாலும் எங்கள் இருவரையும் ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள். அவர் மெயின், நான் செகண்ட்.

ஆள் எப்படி இருப்பார் என்றால், தொப்பைக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் விசில், எல்லாவற்றுக்கும் மேல் யூரியா வாசனை. காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்பு ஷூ. லேஸ் கிடையாது, சர்ரென்று பிரித்து ஒட்டுகிற பட்டைதான். "லேஸ் அவுந்தா குனியணும் பேங்க்கு," என்பார். என்னை அவர் பேங்க்கு என்றுதான் கூப்பிடுவார். "ரெஃப்ரி களத்துல குனியவே கூடாது. குனிஞ்ச நேரத்துல ஒருத்தன் இன்னொருத்தனை இடிச்சிட்டுப் போயிருவான்." தொப்பைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக்கூட ஒரு கொள்கை மாதிரி சொல்லத் தெரிந்தவர் அவர். விசிலே கீழே விழுந்தாலும் குனியமாட்டார். யாராவது எடுத்துக் கொடுக்கும் வரை வாயாலேயே "உய்ய்" என்று ஊதிச் சமாளிப்பார். அதற்கும் ஆட்டக்காரர்கள் நிற்பார்கள்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். கூடையைச் சுற்றித் தரையில் பெரிய வளைகோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் விழுந்தால் மூன்று புள்ளி, உள்ளேயிருந்து என்றால் இரண்டு. இதுவரை குழந்தைக்கும் புரியும். வெளியிலிருந்து எறிந்த பந்து மேலே போகும்போது, கோட்டுக்குள் நிற்கிற எதிராளி எம்பி அதைத் தொட்டுவிடுகிறான். பந்து திசைமாறி அப்படியும் கூடையில் விழுந்துவிடுகிறது. இப்போது இரண்டா, மூன்றா? கைகலப்பு இங்கேதான் ஆரம்பிக்கும். விதி என்ன சொல்கிறதென்றால், எறிந்தவன் கூடையைக் குறிவைத்து எறிந்திருந்தால், நடுவில் யார் கை பட்டாலும் மூன்றுதான். கூட்டாளிக்குப் பாஸாகப் போட்டது கோட்டுக்குள் நிற்கிறவன் மேல் பட்டுத் தப்பித்தவறி விழுந்தால் இரண்டுதான்.

இதை நான் மைதானத்தில் விளக்கினால், "விதிப்படி, பந்து கையிலிருந்து விடுபட்ட இடமே..." என்று தொடங்கும்போதே கூட்டத்திலிருந்து ஊளைச் சத்தம் வந்துவிடும். சீர்காழியில் ஒருமுறை இதே தகராறு. உரக்கடை கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ஏங்க, மேட்டூர்ல தொறந்த தண்ணி உங்க வயலுக்கு வருது. வழியில எருமை ஒண்ணு எறங்கிப் படுத்துடுச்சு. தண்ணி ஒதுங்கி, சுத்தி வந்து உங்க வயல்ல பாயுது. அது மேட்டூர் தண்ணியா, எருமைத் தண்ணியா?"

"மேட்டூர் தண்ணி!" என்று கத்தியது மைதானம்.

"அப்ப மூணு போடுங்க!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எருமையாக வர்ணிக்கப்பட்ட தடுப்பாட்டக்காரனே சிரித்துக்கொண்டு தட்டினான். அதே மூன்றுக்காக ஐந்து நிமிடம் தொண்டை கிழியக் கத்திய என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கும் ஆசை வராதா? அடுத்த வாரமே கீழ்வேளூரில் இன்னொரு ஆட்டம், இன்னொரு தொட்ட பந்து. உரக்கடை தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று நான் முந்திக்கொண்டேன். "ஏங்க, மேட்டூர்ல தொறந்த தண்ணி உங்க வயலுக்கு வருது..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், வேலி ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் துண்டை உதறினார்.

"எங்கய்யா வருது? நீ பாத்தியா? நாத்து கருகிக் கெடக்கு, இவரு வந்து மேட்டூர்ங்கறாரு!"

கீழ்வேளூர் கடைமடை. தண்ணீர் எல்லா ஊருக்கும் போய், மிச்சம் மீதி இருந்தால்தான் அங்கே எட்டிப் பார்க்கும். கடைமடையில் நின்றுகொண்டு மேட்டூர் உவமை சொன்ன ஒரே அறிவாளி நான்தான். புள்ளித் தகராறு தண்ணீர்த் தகராறாகி, நான் ஏதோ பொதுப்பணித்துறை அதிகாரி என்பது போல் என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "எங்க பங்கு எங்கய்யா?" என்று ஒருவர் என் சட்டையையே பிடித்தார். உரக்கடை பாட்டிலும் கையுமாக ஓடிவந்தார்.

"அண்ணே, விடுங்க அண்ணே. உங்களுக்குத் தண்ணி வராததுக்கு இந்த மனுசன் என்ன பண்ணுவாரு? தண்ணிதான் வரல, பந்து வந்துச்சுல்ல? மூணு எழுதுங்க, மேக்கொண்டு ஆடட்டும்."

சிரிப்பு. கைதட்டல். ஆட்டம் தொடர்ந்தது. என் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ, என் உவமையில் நான் மாட்டிக்கொண்டதைவிட, அதே உவமையில் அவர் என்னைக் கழற்றிவிட்டதுதான் தாங்கவில்லை.

எறிந்தது பாஸா, கூடைக்குக் குறிவைத்த ஷாட்டா என்று கண்டுபிடிப்பதில்தான் அவர் பித்து உச்சத்துக்குப் போகும். விதிப்படி ரெஃப்ரி தன் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உரக்கடை என்ன செய்வார் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எறிந்த பையனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போவார், மாப்பிள்ளையைத் தனியாக விசாரிக்கிற மாமா மாதிரி.

"தம்பி, மறைக்காம சொல்லு. கையை விட்டப்ப வளையத்தைப் பாத்தியா, உள்ள நின்ன உன் கூட்டாளியைப் பாத்தியா?"

"கூட்டாளியைத்தான் சார்."

"நல்ல பையன். ரெண்டு!"

சொந்த அணியின் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் அடுத்த பையனும் அவரிடம் உண்மையைத்தான் சொல்வான். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு விசாரணை முறை கிடையாது. நானும் ஒருமுறை தோளில் கைபோட்டுக் கேட்டுப் பார்த்தேன். பையன் கண்ணிமைக்காமல் "சத்தியமா ஷாட்டுதான் சார்" என்றான். அவன் எறிந்த பந்து போன திசையில் கூடையே இல்லை. தண்ணீர்க் குடம்தான் இருந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. நான் விசில் ஊதினால், மொத்த மைதானமும் உரக்கடையின் முகத்தைப் பார்க்கும். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், புள்ளி எழுதுகிறவர், சுண்டல் விற்கிறவர் எல்லாரும்தான். அவர் லேசாகத் தலையாட்டினால் நான் ஊதியது செல்லும். உதட்டைப் பிதுக்கினால் என் கதை முடிந்தது. அவர் வேண்டுமென்று செய்வதில்லை. முகம் அவருக்கு அப்படி வாய்த்துவிட்டது, உள்ளே நினைப்பது வெளியே ஓடும். ஒருநாள் ஆட்டம் பார்க்க என் மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். வீடு திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து ஆறுதலாகச் சொன்னாள்.

"இன்னிக்கு நீங்க ஊதினதெல்லாம் சரிதான் போலருக்குங்க. உரக்கடைக்காரர் தலையாட்டினாரே."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஒரே ஒரு இறுதி ஆட்டம், ஒரே ஒரு தீர்ப்பு, என்னைப் பார்த்து, நான் சொன்னதற்காக மட்டும் ஜனங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. உரக்கடையிடமே ஒருநாள் இதைக் கொட்டிவிட்டேன். "அண்ணே, உங்க மூஞ்சியைக் கழட்டிக் கடையில வச்சிட்டு வாங்களேன்" என்றேன். அவர் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

போன பொங்கலுக்கு மயிலாடுதுறையில் இறுதி ஆட்டம். உள்ளூர் அணியும் சீர்காழி அணியும். ஆட்டத்துக்கு முன்னால் உரக்கடை முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தார். "பேங்க்கு, வலி உயிர் போவுது. இன்னிக்கு நீங்க மெயின் நில்லுங்க, நான் செகண்ட்டு." எனக்குத் தலைகால் புரியவில்லை. அமைப்பாளருக்கு முகம் சுண்டிவிட்டது. அதையும் நான் கவனித்தேன்.

ஆட்டம் முடியச் சில நொடிகள். உள்ளூர் அணி இரண்டு புள்ளி முன்னால். சீர்காழிக்காரன் ஒருவன் கோட்டுக்கு வெளியே பந்தோடு தவிக்கிறான். உள்ளே அவன் கூட்டாளி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பந்து கையை விட்டுக் கிளம்பியது. உள்ளூர் அணியின் நெட்டைப் பையன் கோட்டுக்குள்ளிருந்து எம்பினான். விரல் நுனி பட்டது. பந்து வளைந்து, பலகையில் மோதி, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

இரண்டு என்றால் சமம். இன்னும் கொஞ்ச நேரம் ஆடவேண்டும். மூன்று என்றால் உள்ளூரில், உள்ளூர் ஜனங்களுக்கு நடுவில், சீர்காழிக்குக் கோப்பை. நான் எறிந்தவனின் மணிக்கட்டைப் பார்த்திருந்தேன். பாஸ் போடுகிறவன் கை தள்ளும்; கூடைக்கு எறிகிறவன் மணிக்கட்டு மடங்கும். அவன் கை மடங்கித் தொங்கியது. கண் வளையத்தில் இருந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தினேன், ஒவ்வொன்றிலும் மூன்று விரல்.

சத்தம் நின்றது. பிறகு வழக்கம்போல் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. என் தலையும்தான் திரும்பியது, பொய் சொல்வானேன்?

உரக்கடையின் முகத்தைக் காணவில்லை. மனிதர் எல்லைக்கோட்டருகே முழங்காலை மடித்து, தொப்பை நசுங்க, குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஷூவில். உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. ஜனங்கள் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "உரக்கடை, சொல்லுங்க!" என்று யாரோ கத்தினார்கள். உச்சந்தலை அசையவில்லை. வேறு வழியில்லாமல் தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

உள்ளூர் அணியின் கேப்டன் மூச்சிரைக்க என்னிடம் வந்தான். "சார், உள்ள ஆள் நின்னான் சார். அவன் பாஸ்தானே போட்டான்?"

"இல்ல தம்பி. நான் அவன் மணிக்கட்டைப் பாத்தேன். ஷாட்டு. மூணு."

எருமை இல்லை, மேட்டூர் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன். அவன் என் கண்ணையே சற்று நேரம் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டுச் சீர்காழிக்காரர்களுக்குக் கைகொடுக்கப் போனான்.

கோப்பையெல்லாம் கொடுத்து முடிந்தபின், உரக்கடையை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, உங்களுக்கு என்ன தோணுச்சு? ஷாட்டா, பாஸா?"

"நான் எங்க பாத்தேன் பேங்க்கு? லேஸ் அவுந்துருச்சுன்னு கட்டிக்கிட்டுல்ல இருந்தேன்."

அவர் காலைப் பார்த்தேன். அதே கறுப்பு ஷூ, அதே ஒட்டுப் பட்டை. அவர் பாட்டுக்குச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை ஜென்மம் எடுத்து எத்தனை புத்தகம் படித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இந்த வருஷப் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் அமைப்பாளர் போன் செய்தார். "சார், இந்தத் தடவை உங்க பேரையும் பெரிசா, தனியா போட்டுடறோம் சார்."

"வேண்டாங்க," என்றேன். "எப்பவும் போல 'உரக்கடை மற்றும் ஒருவர்'னே போடுங்க. அவர் பக்கத்துலயே இருக்கட்டும்."